ஸ்லீவைச் செதுக்குவதா, பைப்பைத் திருத்துவதா? 3.5 சி.சி. நைட்ரோ படகு எஞ்சினுக்கான இரு வழிகள்

ரேடியோ வழி இயக்கும் மாதிரிப் படகுப் பந்தயத்தில், நைட்ரோமீத்தேன் கலந்த மெத்தனாலில் ஓடும் 3.5 சி.சி. நைட்ரோ எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் வேகத்தைப் பெற விரும்புகிறவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ஓடும் உருளையான ஸ்லீவில் உள்ள போர்ட்டுகளை (கலவையும் புகையும் செல்லும் துளைகளை) உயர்த்தியும் அகலப்படுத்தியும், கிராங்க் ஷாஃப்டின் காற்றுவாயை நீட்டியும், அவை திறந்து மூடும் நேரத்தையே மாற்றிவிடுவது முதல் வழி. ஸ்லீவைத் தொடாமல், ஹெட் இடைவெளி (உச்சியில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவே மிஞ்சும் இடம்), டியூன்டு பைப் எனும் புகைக்குழாயின் நீளம், புரொப்பெல்லர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி திருத்துவது இரண்டாவது வழி. இந்தப் பருவத்துக்கு என் ஹைட்ரோபிளேன் படகின் எஞ்சினுக்காகப் பணம் ஒதுக்கியபோது நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வழியை மதிக்காமல் எடுத்த முடிவு அல்ல அது. நன்கு தெரிந்தவர் கையில், போர்ட்டிங் எனப்படும் அந்தச் செதுக்கல் உண்மையாகவே வேகம் தரும். ஆனாலும் நீள்வட்டப் பாதையில் பருவம் முழுவதும் ஓட்டுகிறவருக்கு அது ஏன் இரண்டாம் இடத்துக்குப் போகிறது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. இந்த அலசலின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

எல்லாருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். பேரிங் தேய்ந்திருந்தாலோ, கார்புரேட்டரின் அடியில் காற்று கசிந்தாலோ, இரண்டு வழிகளாலும் பயனில்லை. செலவைப் பார்த்தால், எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பந்தய விதிகளைப் பொறுத்தவரை, கொள்ளளவு வரம்பை மட்டும் பார்க்கும் திறந்த பிரிவுகளில் இரண்டுமே செல்லும். எஞ்சினை மாற்றக் கூடாது என்று சொல்லும் பிரிவில் ஓட்டுகிறவர் தம் சங்கத்தின் விதிப் புத்தகத்தை முதலில் படித்துவிட வேண்டும்.

முதலில் போர்ட்டிங். இந்த அளவு எஞ்சின்களில் பரவலாகக் காணப்படும் அளவுகளில் ஒன்று 16.27 மி.மீ. விட்டமும் 16.8 மி.மீ. ஓட்டமும் (பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம்) ஆகும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட், கிராங்கின் ஒரு சுற்றில் 180 பாகை திறந்திருக்கும் எஞ்சினில், அந்தப் போர்ட்டின் மேல் விளிம்பைப் பிஸ்டன் கடக்கும் இடத்தில், கிராங்க் 1 பாகை திரும்பினால் பிஸ்டன் ஏறக்குறைய 0.15 மி.மீ. நகர்கிறது. எனவே விளிம்பை 0.3 மி.மீ. மேலே ஏற்றினால், திறக்கும்போது 2 பாகை, மூடும்போது 2 பாகை என மொத்தம் 4 பாகை கூடிவிடும். கையில் பிடித்த கிரைண்டரும் டயமண்ட் பர்ரும் கொண்டு செய்யும் வேலையில் 0.1 மி.மீ. தவறுவது மிக எளிது. அந்தத் தவறின் விலை ஏறக்குறைய 1.4 பாகை. எக்ஸாஸ்ட் திறந்த பிறகு, புதுக் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறக்கும் வரையுள்ள இடைவெளியில்தான் எரிந்த வாயுவின் அழுத்தம் இறங்க வேண்டும். எக்ஸாஸ்ட் 180, டிரான்ஸ்ஃபர் 125 என்றால் அந்த இடைவெளி 27.5 பாகை. சுற்று வேகம் உயர உயர இந்த இடைவெளிக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குவதால், எக்ஸாஸ்டை மட்டும் உயர்த்துவது மேல் வேகத்துக்கு உதவுகிறது. அதே மாற்றம், பிஸ்டன் எரிந்த வாயுவால் தள்ளப்படும் தூரத்தைக் குறைத்து, கீழ் வேகத்தில் எஞ்சினை மெலிவாக்குகிறது. திருப்பத்தில் வேகம் இழந்து, மீண்டும் பைப் பலன் தரும் சுற்று வீச்சுக்குள் ஏற வேண்டிய படகுக்கு இது சிறிய இழப்பு அல்ல.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோவாரோசி, பிக்கோ, சி.எம்.பி. போன்ற இத்தாலிய நிறுவனங்களின் பந்தய எஞ்சின்களில் போர்ட்டுகள் தொழிற்சாலையிலேயே தாராளமாக வெட்டப்பட்டிருக்கும். அங்கே செதுக்கிப் பெறக்கூடிய லாபம் குறுகியது. கார் எஞ்சினைத் தண்ணீர் ஹெட் போட்டுப் படகுக்கு மாற்றியவர்களுக்குச் செதுக்குவதற்கு இடம் அதிகம்.

இனி நான் தேர்ந்த வழிக்கு வருகிறேன். டியூன்டு பைப் செய்யும் வேலை இது: எக்ஸாஸ்ட் திறந்ததும் புறப்படும் அழுத்த அலை, பைப்பின் பின்பகுதிக் கூம்பில் மோதித் திரும்பி, போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்து, வெளியே நழுவிய புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. போர்ட் திறந்திருக்கும் நேரத்துக்குள் அலை போய்த் திரும்ப வேண்டும் என்பதால், நீளத்தைத் தாளில் கணக்கிட்டுவிடலாம். சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 518 மீட்டர் என்று கொண்டால், 180 பாகை எக்ஸாஸ்டுக்கு, நிமிடத்துக்கு 25,000 சுற்றில், பிஸ்டன் முகத்திலிருந்து அலை திரும்பும் கூம்பின் சராசரி இடம் வரை ஏறக்குறைய 310 மி.மீ. வருகிறது. படகுக்காரர்கள், கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்கிலிருந்து பைப்பின் மிக அகன்ற இடம் வரை அளப்பதால் அவர்கள் சொல்லும் எண் இதைவிடக் குறைவாக இருக்கும். எங்கிருந்து எங்கே அளந்தது என்று கேட்காமல் பிறரது எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கணக்கின்படி 3 மி.மீ. குறைத்தால் உச்ச வேகம் சுமார் 250 சுற்று மேலே நகர்கிறது. சிலிக்கோன் இணைப்பைத் தளர்த்தி, பைப்பைச் சற்று உள்ளே தள்ளி, ஏரிக்கரையிலேயே ஓட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். ஸ்லீவில் அந்தச் சலுகை கிடையாது. மேலும், எக்ஸாஸ்டை 180இலிருந்து 184 பாகைக்கு உயர்த்தியவர், அதே சுற்றில் அலையைச் சரியான நேரத்துக்கு வரவழைக்க, பைப்பையும் ஏறக்குறைய 7 மி.மீ. நீட்டியாக வேண்டும். ஆக, செதுக்கியவருக்கும் பைப் வேலை தப்பாது.

ஹெட் இடைவெளியும் இதே குணமுடையது. ஒரு கிலோ மெத்தனால் எரிய ஏறத்தாழ 6.4 கிலோ காற்று வேண்டும்; ஒரு கிலோ நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். அதே காற்றுக்கு அதிக எரிபொருளை ஊட்ட முடிவதுதான் நைட்ரோவின் பலம். அந்தப் பலமே எரியறை அழுத்தத்தை உயர்த்துவதால், நைட்ரோ விழுக்காடு கூடும்போது ஹெட்டின் அடியில் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) சேர்க்க வேண்டியிருக்கிறது. மெல்லிய ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியே விட்டு, எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பி, நசுங்கிய முனையை மைக்ரோமீட்டரால் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். இந்த அளவு எஞ்சினில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை நல்ல தொடக்கம். பிளக்கின் கம்பி நசுங்கியிருந்தாலோ, பிஸ்டன் தலை மணல் அடித்ததுபோல் சொரசொரத்திருந்தாலோ, 0.1 மி.மீ. ஷிம் ஒன்று சேர்க்க வேண்டும். மூன்றாவது புரொப்பெல்லர். ஆக்டியூரா நிறுவனத்தின் எக்ஸ்447 போன்ற புரொப்பெல்லரில் விட்டம் 47 மி.மீ., பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதைப் போல் 1.4 மடங்கு. 25,000 சுற்றில், வழுக்கல் இல்லை என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 99 கி.மீ. அருகில் வரும். அடுத்த அளவான 48 மி.மீ.க்கு மாறினால் அந்தக் கணக்கு 2 விழுக்காடு கூடுகிறது. (இவற்றில் பல பெரிலியம் கலந்த செம்பால் ஆனவை, அந்தத் தூள் நுரையீரலுக்குப் பெரும் கேடு. நீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும்.)

இவ்வளவும் இரண்டு வழிகளும் என்ன செய்கின்றன என்பது பற்றி. என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. தமிழ்நாட்டில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றதும் நம்மில் பலருக்கு 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 நினைவுக்கு வரும். அந்த வண்டியின் சிலிண்டருக்குள் இரும்பு லைனர் இருக்கிறது. தேய்ந்தால் போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவார்கள். மெக்கானிக் ஒருமுறை செய்த போர்ட்டிங், அந்தச் சிலிண்டரிலேயே பல போரிங்குகளைத் தாண்டி நிலைத்திருக்கும். அந்த அனுபவத்தோடு மாதிரிப் படகு எஞ்சினுக்கு வருகிறவர், இங்கும் செதுக்கிய வேலை நிலைக்கும் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. இங்கே கதை வேறு. 3.5 சி.சி. எஞ்சினில் பிஸ்டன் ரிங் இல்லை. அலுமினியப் பிஸ்டனும், உட்புறம் குரோம் பூசிய பித்தளை ஸ்லீவும், ஒன்றுக்கென்றே அளவெடுத்துச் சேர்த்த ஜோடி. ஸ்லீவின் மேற்பகுதி சற்றுக் குறுகலாக இருப்பதால், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். சூடானதும் மேற்பகுதி விரிந்து சரியான இடைவெளிக்கு வரும். அந்தப் பிடிப்பு தேய்ந்ததும் ஜோடியின் ஆயுள் முடிகிறது. போரிங் போட வழியில்லை. பிஸ்டனும் ஸ்லீவும் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டும்.

இதில் படகுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. காரைப்போல் காற்றில் குளிராமல், ஏரியின் தண்ணீரே ஹெட்டைச் சுற்றி ஓடுகிறது. தண்ணீர் அளவுக்கு மீறி ஓடினால் ஸ்லீவின் மேற்பகுதி போதிய அளவு விரியாமல், முழு வேகத்திலும் பிஸ்டனை இறுக்கிக்கொண்டே இருக்கும். தேய்மானம் விரைகிறது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் குழாயில் ஒரு சிறிய தடுப்பு வைத்து ஓட்டத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும். கூடினாலும் ஸ்லீவ் தேயும் பாகமே. செதுக்கிய வேலை முழுவதும் எஞ்சினில் மிக விரைவாகத் தேய்ந்து தூக்கி எறியப்படும் பாகத்தில் குடியிருக்கிறது என்பதுதான் போர்ட்டிங்கின் பெரிய குறை. புதிய ஜோடி வாங்கும் ஒவ்வொரு முறையும் கூலி மீண்டும் கொடுக்க வேண்டும், அதே கை அதே 0.1 மி.மீ. துல்லியத்தில் மீண்டும் வெட்ட வேண்டும். இல்லையெனில் பழைய ஸ்லீவுக்கென்று கண்டுபிடித்த பைப் நீளம், புதிய ஸ்லீவுக்குப் பொருந்தாமல் போகும். நான் பணம் போட்ட பைப்பும் ஹெட்டும் ஷிம்களும் எத்தனை ஜோடி மாறினாலும் அப்படியே இருக்கின்றன. தொழிற்சாலை ஸ்லீவைப் பொருத்தி, இடைவெளியை ஒருமுறை அளந்தால், குறிப்பேட்டில் உள்ள பழைய எண்கள் மீண்டும் உயிர்பெறுகின்றன.

செதுக்கி வேகம் பெற்றால் சுற்று கூடும். சுற்று கூடினால் ராடின் மீது விழும் நிலைமச் சுமை அதன் இருமடிப் பெருக்கமாகக் கூடும். 25,000இலிருந்து 28,000க்குப் போனால் சுற்றில் 12 விழுக்காடு, சுமையில் 25 விழுக்காடு கூடுகிறது. பைப்பைச் சுருக்கி அதே சுற்றுக்குப் போனாலும் சுமை அதேதான் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பைப்பை நீட்டிச் சற்றுப் பெரிய புரொப்பெல்லரைப் போட்டு, அதே வேகத்தைக் குறைந்த சுற்றில் எடுக்கும் வாய்ப்பு இரண்டாவது வழியில் திறந்தே இருக்கிறது. விற்பனையைப் பற்றி ஒரு வரி போதும்: யார் எப்படிச் செதுக்கினார்கள் என்று சரிபார்க்க முடியாத பழைய எஞ்சினுக்கு, தொழிற்சாலை ஸ்லீவ் உள்ள எஞ்சினின் விலையைத் தர வாங்குபவர் தயங்குவார்.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது. ஸ்லீவின் மேல் விளிம்புக்கு அடியில் 0.1 மி.மீ. ஷிம் வைத்தால், எல்லாப் போர்ட்டுகளும் சேர்ந்து மேலேறும். எடுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே அளவு ஷிம்மை ஹெட்டிலிருந்து குறைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இதன் வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் மேல் விளிம்பருகே பிஸ்டன் மெதுவாக நகர்வதால், அந்த 0.1 மி.மீ. எக்ஸாஸ்டுக்கு 1.4 பாகை கூட்டும்போது டிரான்ஸ்ஃபருக்கு ஏறக்குறைய 1.8 பாகை கூட்டுகிறது. அழுத்தம் இறங்குவதற்கான இடைவெளி கூடாமல் சற்றே சுருங்குகிறது. ஆகவே இது போர்ட்டிங்குக்கு மாற்று ஆகாது. செதுக்க நினைப்பவர் அந்தத் திசையில் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளும் சோதனை என்ற அளவில் அதை நான் பரிந்துரைக்கிறேன்.

நேர்கோட்டு வேக ஓட்டத்தில் என் தீர்ப்பு மாறும். ஒரு மைலின் 16இல் ஒரு பங்கை மட்டும் முழு வேகத்தில் கடக்க வேண்டிய அந்த ஓட்டத்தில், திருப்பமும் இல்லை, கீழ் வேக மெலிவால் வரும் இழப்பும் பெரிதல்ல, ஸ்லீவின் ஆயுளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அங்கே போர்ட்டிங்குக்கே முதலிடம். 15 சி.சி. போன்ற பெரிய எஞ்சின்களில் என் அனுபவம் மெல்லியது, 0.1 மி.மீ. தவறின் விலை அங்கே குறைவு என்பது கணக்கிலிருந்து தெரிகிறது, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் அல்ல.

அப்படியும் செதுக்கத் தீர்மானிப்பவர்கள் ஒரு ஸ்லீவை மட்டும் அனுப்பாமல், மாற்று ஜோடியையும் சேர்த்து அனுப்பி, இரண்டையும் ஒரே வேளையில் ஒரே அளவில் வெட்டச் சொல்லுங்கள். போர்ட் விளிம்புகளில் குரோம் உரியாதபடி மென்மையாகச் சாய்வு கொடுத்திருக்கிறார்களா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். திரும்பி வந்ததும் கிராங்கில் பாகைத் தட்டைப் பொருத்தி, எக்ஸாஸ்ட், டிரான்ஸ்ஃபர் இரண்டின் திறப்பையும் இரண்டு ஸ்லீவுகளிலும் நீங்களே அளந்து, எண்களை எஞ்சின் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டிவிடுங்கள்.