அக்டோபர் திகில் இரவு: பொருட்காட்சிப் பேய் வீடா, ஈசிஆர் பூங்காவா, சிங்கப்பூரா?

அக்டோபர் பிறந்தால் போதும், புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஹாலோவீன் (அக்டோபர் 31 இரவு பேய் வேஷம் கட்டுகிற மேற்கத்தியக் கொண்டாட்டம்) பேச்சு கிளம்பிவிடுகிறது. ஒயிட் டவுன் பக்கம் உணவகங்களில் பூசணிக்காய் முகம் தொங்கும். சென்னை போகிற வழியில், ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற கேளிக்கைப் பூங்கா 'திகில் இரவு' என்று விளம்பரம் போடும். சிங்கப்பூரில் சித்தப்பாவோ மாமாவோ இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் அங்கே கூட்டிப் போகச் சொல்லி அடம்பிடிக்கும். மஞ்சக்குப்பம் மைதானத்திலோ ஏஎஃப்டி திடலிலோ பொருட்காட்சி போடும்போது ஒரு மூலையில் தகர ஷீட்டும் கறுப்புத் துணியுமாக நிற்கிற பேய் வீட்டை மட்டும் யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது ஹாலோவீனுக்காக வருவதில்லை, பெரும்பாலும் கோடை விடுமுறையில் வரும், சரி. ஆனாலும் அதையும் இதில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். பேய் வீட்டில் பயமுறுத்துகிறவர் நம்பியிருப்பது நாம் எதிர்பார்க்காத அந்த ஒரு நொடியைத்தான். கதவிடுக்கில் நிற்பார், பொம்மைகளோடு பொம்மையாக உட்கார்ந்திருப்பார், நாம் பக்கத்தில் வந்ததும் பாய்வார். பாய்ந்துவிட்டுத் திரும்பப் பதுங்க அவருக்குச் சில விநாடிகள் வேண்டும். அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டால் அங்கே பேய் இல்லை, வேஷம் போட்ட ஒரு பையன்தான் இருக்கிறான். அமெரிக்காவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கேளிக்கைப் பூங்கா 1973-லும், ஆர்லாண்டோ யுனிவர்சல் 1991-லும் இந்த ஹாலோவீன் இரவுகளைத் தொடங்கினார்கள். இந்தத் தொழிலுக்கு அன்றிலிருந்து தீராத தலைவலி இதுதான்: இடைவெளி விட்டு ஆளை அனுப்பினால் வெளியே வரிசை நீளும், வரிசையைக் குறைக்க மளமளவென்று அனுப்பினால் உள்ளே பயம் செத்துப்போகும்.

ஈசிஆர் பக்கம் நான் போன பூங்காவின் பெயர் வேண்டாம். வாசலில் கைப்பட்டை கட்டி உள்ளே விட்டதும் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு முதல் பேய் வீட்டுக்குத்தான் ஓடினார்கள், ஏனென்றால் இரண்டாவது பேய் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றோம். வரிசை போன பாதையில் மின்விசிறி இல்லை, தண்ணீர் இல்லை, கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் "இதோ ஆயிடும் சார்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் உள்ளே விட்டபோது இருபது, இருபத்தைந்து பேரை மொத்தமாக விட்டார்கள். முன்னால் போகிறவர் தோளில் கை வைத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நான் வரிசையின் நடுவில் இருந்தேன். ஆஸ்பத்திரி மாதிரி அமைத்திருந்த அறையில், இரும்புக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருவர் பாய்ந்தார், முன்னால் போன இரண்டு பெண்கள் அலறினார்கள். நான் அந்தக் கட்டிலை நெருங்கியபோது அவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி வாட்டர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வந்தவர் அதை வீடியோ எடுக்க போன் லைட்டைப் போட்டதில் அறை முழுக்க வெளிச்சமாகிவிட்டது; ப்ளைவுட் சுவரில் ஆணி அடித்த இடம்கூடத் தெரிந்தது. போனை அணைக்கச் சொல்ல உள்ளே ஒரு ஆள் இல்லை. அந்த நடிகரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் புழுக்கத்தில், ரப்பர் முகமூடிக்குள், மாற்று ஆள் இல்லாமல் ஒருவர் எத்தனை மணி நேரம் பாய்ந்துகொண்டே இருக்க முடியும்? ஒழுங்காக நடத்துகிற இடங்களில் ஒரே வேஷத்துக்கு இரண்டு பேர் இருப்பார்கள், முறை மாற்றி நிற்பார்கள்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஐந்து பேர் என்று விட்டால் ஒரு மணி நேரத்துக்கு 300 பேர். இரவு 7 முதல் 10.30 வரை என்றால் 1,050 பேர். இரண்டு பேய் வீடு இருந்தால் இரண்டிலும் சேர்த்து 2,100 முறை ஆள் போய் வரலாம். 3,000 டிக்கெட் விற்றுவிட்டால், ஆளுக்கு இரண்டு வீடு என்று 6,000 முறை போய் வர வேண்டும். எங்கிருந்து முடியும்? அதனால்தான் வாசலில் நிற்கிற பையன் இருபத்தைந்து இருபத்தைந்தாகத் தள்ளுகிறான். கோளாறு அவனிடம் இல்லை, அன்றைக்கு எத்தனை டிக்கெட் விற்கலாம் என்று முடிவு செய்தவரிடம் இருக்கிறது.

இப்போது பொருட்காட்சிக்கு வருவோம். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில், ஜெனரேட்டர் சத்தத்தோடு நிற்கிற அந்தக் கூடாரத்தில் பொம்மைகள் பழையவை, எலும்புக்கூட்டுக்கு ஒரு கை இருக்காது, சவுண்ட் பாக்ஸில் ஒரே சிரிப்பு திரும்பத் திரும்ப ஓடும். ஆனால் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நான்கு பேரை உள்ளே விடுவார். திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருந்து முதல் அலறல் வரும், அசைய மாட்டார். இரண்டாவது அலறல், அதாவது கடைசி வளைவில் இருக்கிறவர் பாய்ந்த பிறகு வருகிற அலறல் கேட்டதும்தான் அடுத்த நான்கு பேரைக் கூப்பிடுவார். கையில் வாக்கிடாக்கியும் கிடையாது, கேமராவும் கிடையாது, காதுதான். வெளியே நிற்கிறவர்களுக்கும் அந்த அலறல் கேட்கிறது, அதனால் வரிசையில் நிற்கும்போதே பாதி பயம் வந்துவிடுகிறது. உள்ளே இரண்டே பேர் பாய்கிறார்கள், ஆனால் இரண்டு பேரும் சரியான நொடியில் பாய்கிறார்கள். ஈசிஆரில் கொடுத்த காசில் ஒரு சிறு பங்குக்கு, உண்மையாகவே நெஞ்சு படபடத்தது எனக்கு இங்கேதான்.

அதே கூடாரத்தில் என்னை வேறு மாதிரி பயமுறுத்துகிற விஷயமும் உண்டு. துணி, தெர்மோகோல், ஜாயின்ட் அடித்த வயர், ஒரே வழி. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் பேய் மாளிகையில் தீப்பிடித்து எட்டு இளம் பிள்ளைகள் செத்துப்போனார்கள். டிரெய்லர் பெட்டிகளைச் சேர்த்து வைத்துக் கட்டிய இடம் அது, தீ எழுந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் அமைப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே இப்படிப்பட்ட கூடங்களுக்கான தீ விதிகள் இறுகின. நம் நாட்டில் 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டு அரங்கில் நடந்த தீ விபத்து எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் பொருட்காட்சியில் டிக்கெட் எடுப்பதற்கு முன் கூடாரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பின்பக்கம் வெளியே வர இன்னொரு வழி இருக்கிறதா, அதை மறித்து ஜெனரேட்டரையோ சாமான்களையோ வைத்திருக்கிறார்களா, வாசலில் தீயணைப்பு சிலிண்டர் இருக்கிறதா. இல்லை என்றால் டிக்கெட் எடுக்க வேண்டாம், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

பெரிய இடம் என்பதாலேயே ஆபத்தில்லை என்று நினைத்துவிடவும் கூடாது. ஹாங்காங்கின் ஓஷன் பார்க்கில் 2017 செப்டம்பரில் ஹாலோவீன் பேய் வீட்டுக்குள் போன 21 வயது இளைஞர் ஒருவர், பார்வையாளர்கள் போகக் கூடாத பகுதிக்குள் வழி தவறிப் போய், அங்கே இயங்கிக்கொண்டிருந்த சவப்பெட்டி இயந்திரம் அடித்து இறந்துபோனார். இருட்டில் எது வழி, எது வழி இல்லை என்று காட்ட ஆள் நிற்க வேண்டும். வேஷம் கட்டியவர்களின் எண்ணிக்கையை விளம்பரத்தில் போடுகிறவர்கள், வேஷம் கட்டாமல் டார்ச்சோடு நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

சிங்கப்பூர் வேறு தரம், அதில் பேச்சே இல்லை. செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2011-லிருந்து ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடத்துகிறது, கொரோனாவால் நின்று 2022-ல் முழு அளவில் திரும்பியது. செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை, குறிப்பிட்ட இரவுகளில் மட்டும். 16 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், பார்வையாளர்கள் வேஷம் போட்டு வர அனுமதி இல்லை. மலாய் மக்களின் பொந்தியானாக் பேயை வைத்து 2018-ல் ஒரு வீடே கட்டினார்கள். ஊர்க் கதையை இப்படி எடுத்துச் செய்கிற துணிச்சல் நம் பூங்காக்காரர்களுக்கும் வர வேண்டும், நம்மிடம் இல்லாத பேய்க்கதையா?

கூட்டப் பிரச்சினை அங்கேயும் தீரவில்லை. வெள்ளி, சனி இரவுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பது சாதாரணம், உள்ளேயும் ஆட்கள் விட்டு விட்டு இல்லாமல் தொடர்ந்து போய்க்கொண்டேதான் இருப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால் அதை எதிர்பார்த்தே வீட்டைக் கட்டுகிறார்கள். ஒரே அறையில் வேஷம் கட்டிய இரண்டு மூன்று பேர் வெவ்வேறு மூலையில் இருப்பார்கள், ஒருவரை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டாலும் இன்னொருவர் பிடித்துவிடுவார். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு எக்ஸ்பிரஸ் பாஸ், தனி விலை, நாளைப் பொறுத்து ஏறும். இங்கிருந்து விமானம், விசா எல்லாம் போட்டுப் போகிறவருக்கு ஒரே ஒரு இரவுதான் கிடைக்கும் என்பதால் அந்தப் பாஸையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு வீடு பார்த்துவிட்டுக் கால் கடுக்கத் திரும்ப வேண்டியிருக்கும். கடைசி எம்ஆர்டி ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் பாரிஸ் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் நிறைய, அவர்களுக்காக இரண்டு வரி. டிஸ்னிலேண்டின் ஹாலோவீன் சின்னப் பிள்ளைகளுக்கானது, பயம் தேடிப் போக வேண்டாம். திகில் வேண்டும் என்றால் பாரிசுக்கு வடக்கே இருக்கிற பார்க் அஸ்தெரிக்ஸ். ஆனால் நவம்பர் 1 புனிதர்கள் திருநாளை ஒட்டி அங்கே பள்ளி விடுமுறை, கூட்டம் அள்ளும்.

அந்த நவம்பர் 1 நமக்கும் சிக்கல்தான். புதுச்சேரி விடுதலை நாள் என்பதால் இங்கே விடுமுறை, ஆகவே அக்டோபர் 31 இரவும் மறுநாளும் ஈசிஆர் முழுக்க வண்டிகள். 2024-ல் அக்டோபர் 31 தீபாவளியாகவே வந்தது. இதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை வேறு. திறந்தவெளியில் பேய்கள் உலவுகிற பகுதி மழை வந்தால் முதலில் நிற்கும், ஸ்பீக்கரை மூடுவார்கள், புகை மெஷினை அணைப்பார்கள், மொத்தக் கூட்டமும் கூரை இருக்கிற பேய் வீட்டு வரிசையில் வந்து அடையும். எனக்கும் அதுதான் நடந்தது. மழைக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம் என்று டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. சிங்கப்பூரிலும் அந்தச் சமயத்தில் சாயங்கால இடிமழை உண்டு, மின்னல் அடித்தால் வெளியில் நடப்பவை நிற்கும்.

அப்புறம் திரும்பி வருவது. பத்தரை, பதினொன்றுக்குப் பூங்காவிலிருந்து வெளியே வந்து ஈசிஆரில் கை காட்டினால் புதுச்சேரி பஸ் நிற்கும் என்று நம்பாதீர்கள், கடலூர்க்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒரு பஸ். கார் இருந்தால், அல்லது நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்தால் மட்டும் போகலாம். பைக்கில் அந்த நேரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

காசைவிட நேரம் முக்கியம் என்கிறவர்களுக்கும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கும் என் ஓட்டு பொருட்காட்சிக்குத்தான், பின்வழி சரியாக இருந்தால். சிங்கப்பூருக்கு வேறு காரணத்துக்காகவும் போகிறீர்கள், பிள்ளைகளுக்கும் வயது வந்துவிட்டது என்றால் வாரநாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஈசிஆர் பூங்காவுக்குப் போக ஆசையாக இருந்தால் முன்பதிவு செய்வதற்கு முன் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: பேய் வீட்டுக்கு நேரம் போட்ட டோக்கன் உண்டா, ஒரு தடவைக்கு எத்தனை பேரை உள்ளே விடுவீர்கள், நடுவில் பயந்துபோன பிள்ளையை வெளியே கூட்டி வரப் பக்கவழி இருக்கிறதா. ஆறு ஏழு பேருக்கு மேல் ஒரு எண் சொன்னாலோ, "வந்து பாருங்க சார்" என்று மழுப்பினாலோ நான் இந்த வருடம் டிக்கெட் எடுக்கப் போவதில்லை.