சைபீரியக் கொக்கு, சாரஸ் கொக்கு: முதலில் எதைக் கவனிப்பது?

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் சதுப்பு நிலத்தில் ஒரு காலத்தில் இரண்டு கொக்குகளையுமே பார்க்கலாம். 1960களின் குளிர்காலங்களில் சுமார் 200 சைபீரியக் கொக்குகள் வரை அங்கே இறங்கின. கடைசி ஜோடி வந்தது 2002 வாக்கில். சாரஸ் இன்னும் அங்கே இருக்கிறது.

அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களை வகைப்படுத்தும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சைபீரியக் கொக்கு ‘மிக அருகிய இனம்’, சாரஸ் ஆபத்தில் அதைவிட இரண்டு படி கீழே, ‘அழிவாய்ப்புள்ள இனம்’. அப்படியென்றால் முதல் கவனம் சைபீரியக் கொக்குக்குத்தானே? இந்தியாவைப் பொறுத்தவரை, இல்லை என்பேன்.

அடையாளம் சுலபம்தான். முன்னது வெள்ளை, முகம் மட்டும் சிவப்பு, இறக்கை நுனியின் கறுப்பு பறக்கும்போதுதான் தெரியும். பின்னது சாம்பல் நிறம், தலையும் மேல்கழுத்தும் சிவப்பு, ஏறக்குறைய ஆறடி உயரம். பறக்கும் பறவைகளில் இதைவிட உயரமானது கிடையாது.

பெரிய வித்தியாசம் சாப்பாட்டில் இருக்கிறது. சைபீரியக் கொக்கு ஆழமில்லாத தண்ணீரில் நின்று, தலையைச் சேற்றுக்குள் விட்டு நீர்ச்செடிக் கிழங்கைத் தோண்டும். வழுக்கும் கிழங்கைப் பிடிக்க அலகின் ஓரத்தில் ரம்பம் மாதிரி வெட்டுகள் உண்டு. தண்ணீர் கொஞ்சம் ஏறினாலும் கிழங்கு எட்டாது. ரஷ்யாவின் யாகூதியாவில் குஞ்சு பொரிக்கும் இந்த இனம் இன்று அநேகமாக மொத்தமும் குளிர்காலத்தில் சீனாவின் போயாங் ஏரியை நம்பித்தான் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்த கூட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியில் வேட்டைக்கும் இரையானது. பரத்பூரை மட்டும் காவல் காத்து அதைத் தடுத்திருக்க முடியாது.

சாரஸ் அவ்வளவு தூரம் போவதே இல்லை. விதை, நத்தை, தவளை, வெட்டுக்கிளி எல்லாம் தின்னும். உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி பக்கம் நெல்வயலுக்குள்ளேயே, தேங்கிய தண்ணீரில் தண்டுகளைக் குவித்துக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, ஒரு மாதம் அடைகாக்கும். அந்த இடத்துப் பயிர் போனது போனதுதான். விவசாயிகளில் பலர் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். சாரஸ் அங்கே பிழைத்திருப்பதற்கு அந்தப் பொறுமை ஒரு பெரிய காரணம். ஆனால் சதுப்பைத் தூர்ப்பது, பூச்சிமருந்து, தாழ்வான மின்கம்பி, இவற்றையெல்லாம் அந்தப் பொறுமையால் தடுக்க முடியாது.

போயாங்கில் வெள்ளத்தால் கிழங்கு விளையாத வருஷங்களில், அவ்வளவு பிடிவாதமான சைபீரியக் கொக்கே பக்கத்துத் தாமரைக் குளங்களுக்கும் நெல்வயல்களுக்கும் வந்துவிட்டது. ஆக, இரண்டுக்கும் விவசாயியின் நிலம் வேண்டியிருக்கிறது. சைபீரியக் கொக்கைப் பரத்பூருக்கு மறுபடி வரவழைக்கப் பல நாடுகள் ஒத்துழைக்க வேண்டும். சாரஸ் கூட்டால் பயிர் இழக்கிறவருக்கு அந்த அறுவடைக்குள்ளேயே ஈட்டுத்தொகை கொடுப்பது நம் கையில் இருக்கிறது. கையில் உள்ள பணத்தை முதலில் அங்கேதான் செலவிட வேண்டும்.