டேட்டாமால்: பஸ் எப்போது வரும் என்று சொல்லும், எப்போது வந்தது என்று சொல்லாது

சிங்கப்பூரில் கைப்பேசியில் பஸ் செயலி இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஒருவர் எஸ்ஜி பஸ்லே என்பார், இன்னொருவர் பஸ்ரௌட்டர் என்பார், அரசாங்கத்தின் மைட்ரான்ஸ்போர்ட்டே எனக்குப் போதும் என்பவர்களும் உண்டு. எதைத் திறந்தாலும் 147-ம் எண் பஸ் இன்னும் நாலு நிமிடம் என்றுதான் காட்டும், ஏனென்றால் எல்லார் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்துதான் போகிறது. அந்தத் தொட்டிதான் நிலப் போக்குவரத்து ஆணையம் நடத்தும் டேட்டாமால். செயலிகளைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள், தொட்டியைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை, அதனால் இந்த விமர்சனம். நிரல் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும், மற்றவர்களும் படிக்கலாம், பெரிய கணக்கு வழக்கெல்லாம் கிடையாது.

முதலில் உள்ளே போவது எப்படி என்று பார்த்துவிடலாம். ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அக்கவுண்ட் கீ என்று ஒரு நீளமான எழுத்துச்சரம் மின்னஞ்சலில் வரும், அதை நம் நிரல் தரவு கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் (ஹெடர்) சேர்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். காசு கிடையாது. சிங்கப்பூர் திறந்த தரவு உரிமத்தின் கீழ் வருவதால் இதை வைத்து நீங்கள் தொழிலே நடத்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், தரவு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும், ஆணையமே உங்கள் செயலிக்கு ஒப்புதல் கொடுத்தது போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. திறந்த தரவு என்று பெயர் வைத்துவிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை ஏற்றிக் கைதட்டல் வாங்கும் அரசு இணையதளங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவே பெரிய விஷயம்.

இங்கே மாணிக்கம் என்று சொல்ல வேண்டியது பஸ் வருகை ஏபிஐ. ஏபிஐ என்றால் ஒரு நிரல் இன்னொரு கணினியிடம் தரவைக் கேட்டு வாங்கும் வாசல். கையேட்டில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் நிறுத்த எண் 83139, அதையே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பஸ் எண்ணுக்கும் அடுத்து வரும் மூன்று வண்டிகளின் விவரம் ஜேசான் என்ற, நிரல்கள் எளிதில் படிக்கும் எழுத்து வடிவில் வந்து விழும். எத்தனை மணிக்கு வரும் என்பதோடு நிற்பதில்லை. வண்டி இப்போது எங்கே இருக்கிறது, ஒற்றைத் தட்டா இரட்டைத் தட்டா, சக்கர நாற்காலி ஏறுமா, கூட்டம் எப்படி, எல்லாம் இருக்கும். கூட்டத்துக்கு மூன்று குறிகள்: எஸ்இஏ என்றால் உட்கார இடம் உண்டு, எஸ்டிஏ என்றால் நிற்கலாம், எல்எஸ்டி என்றால் நிற்கவும் சிரமம். செயலிகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பார்க்கிறோமே, அது இந்த மூன்று குறிகள்தான். 20 நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பதிலில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்னக் களம் (ஃபீல்டு). மூன்றாம் பதிப்பில் மானிட்டர்டு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் 1 என்று இருந்தால் அந்த நேரம் வண்டியின் இருப்பிடத்தை வைத்துக் கணக்கிட்டது, 0 என்றால் கால அட்டவணையைப் பார்த்துச் சொன்னது, வண்டி நிஜமாகக் கிளம்பியதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த எண்ணை இந்த அளவுக்குத்தான் நம்பலாம் என்று தரவைக் கொடுக்கிறவரே சொல்லிவிடுவது எவ்வளவு அரிது என்று இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். செயலி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் இதைத் திரையில் காட்டுவதே இல்லை என்பது வேறு கதை. இன்னொன்று, அட்டவணை வண்டிகளுக்கு அட்சரேகை தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யமாக வரும். அதைச் சோதிக்காமல் வரைபடத்தில் புள்ளி வைத்தால் உங்கள் அங் மோ கியோ பஸ் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில், கினி வளைகுடாவில் மிதந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் எப்படி ஒரே இடத்தில் கிடைக்கிறது என்று கேட்டால், பஸ் யாருடையது என்பதில் பாதி விடை இருக்கிறது. எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ அஹெட் என்று ஓட்டுகிற கம்பெனிகள் நாலு, ஆனால் 2016-ல் ஒப்பந்த முறைக்கு மாறிய பிறகு வண்டிகளும் அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பும் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. கம்பெனிகள் ஓட்டுவதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே எங்கள் வியாபார ரகசியம், தர மாட்டோம் என்று எந்தக் கம்பெனியும் முரண்டு பிடிக்க வழியில்லை. தரவைத் திறந்து விடுங்கள் என்று மற்ற நகரங்களில் கேட்கிறவர்கள் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்திலேயே தரவு யாருக்குச் சொந்தம் என்று எழுதாவிட்டால் அப்புறம் மாநாடு போட்டுப் பேசிப் பிரயோசனம் இல்லை.

சாலைக் கேமரா படங்களும் உண்டு. வாரக் கடைசியில் ஜோகூர் பாருவுக்குப் போகிறவர்கள் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் எவ்வளவு நெரிசல் என்று வீட்டிலிருந்தே பார்க்கிறார்களே, அந்தப் படங்கள் இங்கிருந்து போகின்றன. படத்தின் இணைப்பு ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும், சேமித்து வைத்துக்கொண்டு நாளைக்குப் பார்க்க முடியாது. டாக்சி, கார் நிறுத்துமிடம், நெடுஞ்சாலை வேகம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன, ஒழுங்காக வேலை செய்கின்றன, சொல்ல அதிகம் இல்லை.

இனி குறைகள். பஸ் நிறுத்தங்களின் பட்டியல் ஒரு முறைக்கு 500 வரிதான் தரும். நாடு முழுக்க 5,000க்கு மேல் நிறுத்தங்கள் இருப்பதால் தள்ளித் தள்ளிப் பத்துப் பதினோரு முறை கேட்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. எம்ஆர்டி ரயில் எத்தனை நிமிடத்தில் வரும் என்ற விவரம் இதில் இல்லை, சேவை தடைபட்டால் அறிவிப்பும், நிலையத்தில் கூட்டம் குறைவா நடுத்தரமா அதிகமா என்பதும் வரும், அவ்வளவோடு சரி.

நமக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ரயில் நிலையங்களின் குறியீடுகளை ஆங்கிலப் பெயரோடும் சீனப் பெயரோடும் தனிக் கோப்பாகவே போட்டிருக்கிறார்கள். தமிழ் இல்லை. தமிழ் இங்கே ஆட்சிமொழி, நிலையங்களின் தமிழ்ப் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதாவது யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்த அதிகாரபூர்வப் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே எங்கோ இருக்கத்தான் வேண்டும். அதை ஒரு கோப்பில் போட்டுவிட அரை நாள் ஆகுமா? லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் இருக்கும் அத்தைகளுக்காகத் தமிழில் செயலி செய்யலாம் என்று நினைக்கும் ஒரு மாணவர் பெயர்களைப் பலகையைப் பார்த்துத் தானே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் பெரிய குறை வேறு, தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். இந்த ஏபிஐ தருவது கணிப்பு மட்டும்தான். நேற்று மாலை ஆறரைக்கு வரும் என்று சொன்ன 147 கடைசியில் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. 20 நொடிக்கு ஒரு முறை கேட்டுக் கேட்டு நீங்களே பதிவு செய்து, புள்ளி நிறுத்தத்தைத் தாண்டிய நொடியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது ஊகம். ஆணையத்துக்கு இந்த விவரம் தெரியாமல் இல்லை. பயணிகள் அட்டவணையை மீறி எவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்று அளந்து, அதன்படி கம்பெனிகளுக்கு ஊக்கத்தொகையும் அபராதமும் போடும் திட்டமே 2014-லிருந்து இருக்கிறது. அந்த அளவீட்டுக்கு அடிப்படையான நிறுத்தவாரி நேரங்கள் டேட்டாமாலில் இருந்தால், எங்கள் பேட்டை பஸ் மழை நாளில் மட்டும் ஏன் இரண்டு இரண்டாகச் சேர்ந்து வருகிறது என்று குடியிருப்பாளர்களே கணக்கெடுத்து நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய் வைக்கலாம். இப்போதைக்கு நமக்கு வசதி செய்து கொடுக்கிற அளவுக்குத் திறந்திருக்கிறார்கள், கணக்குக் கேட்கிற அளவுக்குத் திறக்கவில்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இதே அரசாங்கத்தின் டேட்டா டாட் கவ் டாட் எஸ்ஜி தளத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடுகளின் விலையைப் பாருங்கள். 1990-லிருந்து விற்ற வீடுகள் வரிசையாக இருக்கின்றன: எந்த நகர், எத்தனை அறை, எந்தப் புளோக், எந்தத் தெரு, எத்தனை சதுர மீட்டர், குத்தகை எந்த ஆண்டில் தொடங்கியது, கடைசியில் என்ன விலைக்குப் போனது. மாடி மட்டும் '10 முதல் 12' என்பது போல மும்மூன்றாகத் தொகுத்திருக்கிறார்கள், வீட்டு எண் இல்லை, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு விற்றார் என்று துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது. இது முகவர் சொன்ன விலை இல்லை, நடந்து முடிந்த விற்பனை. நான்கறை வீடு வாங்கப் போகிற எவரும் அந்த அட்டவணைக் கோப்பை (சிஎஸ்வி) இறக்கி, முகவர் சொல்லும் கதையை அங்கேயே சரிபார்க்கலாம். பஸ்ஸிலும் இதைத்தான் கேட்கிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த மானிட்டர்டு களத்துக்காகவே அரை மதிப்பெண் சேர்த்துத்தான் நாலு. பயணிகள் எண்ணிக்கைக் கோப்பை மட்டும் மறக்காதீர்கள். எந்த நிறுத்தத்தில் எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள், எங்கிருந்து எங்கே போனார்கள் என்று வார நாள், விடுமுறை நாள் வாரியாக ஒவ்வொரு மாதமும் வரும், அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் போட்டுவிடுவார்கள். தளத்தில் கடைசி மூன்று மாதம் மட்டும்தான் இருக்கும், பழையதைத் தூக்கிவிடுவார்கள். ஆய்வுக்கு வேண்டும் என்றால் மாதாமாதம் தானாக இறக்கிக்கொள்ளும்படி ஒரு நிரல் எழுதி ஓடவிட்டு விடுங்கள், இறக்கும் இணைப்பும் ஐந்து நிமிடம்தான் உயிரோடு இருக்கும்.