உப்புவெளி வீட்டுக்கு வந்த பூச்சிக் கட்டுப்பாட்டுச் சேவை

கரப்பொத்தான் தொல்லை பொறுக்க முடியாமல், சென்ற மாதம் உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திருகோணமலை நகரிலிருந்து ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாரை அழைத்திருந்தோம். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், நகர்த்திய அலுமாரிகளைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். இவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் குசினிச் சுவரில் இருந்த பெரிய சிலந்தியை விட்டுவிடும்படி நான் கேட்டும், "இது நஞ்சுச் சிலந்தி அக்கா, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு" என்று சொல்லி அதன் மேலும் மருந்தை விசிறியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அது ஹெட்டரோபோடா வெனடோரியா. 1767 இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்த வேட்டைச் சிலந்தி, கப்பற் சரக்குகளோடு வெப்பமண்டல நாடுகளெங்கும் பரவியது. வலை பின்னிக் காத்திருக்காமல், இரவில் சுவரோடு ஓடிக் கரப்பொத்தானைப் பிடித்துத் தின்னும். உடல் தட்டையாகவும் கால்கள் நண்டைப்போலப் பக்கவாட்டில் விரிந்தும் இருப்பதால், நம் கை எட்டாத இடுக்குகளிலும் அதனால் நுழைய முடியும். அதே பேரினத்தில், 2001 இல் லாவோசிலிருந்து விவரிக்கப்பட்ட ஹெட்டரோபோடா மாக்சிமாவின் கால்விரிப்பு 30 சென்ரிமீற்றர் வரை செல்லும். நம் வீட்டுச் சிலந்தியோ உள்ளங்கையளவுதான். கையால் பிடித்து நெருக்கினால் கடிக்கும், கடித்த இடம் வலித்து வீங்கும், உயிராபத்து இல்லை.

எங்கள் குசினியில் இருந்தது பெண் சிலந்தி. ஐந்து ரூபாக் குற்றியளவில் வட்டமான, தட்டையான முட்டைப்பையை நெஞ்சுக்குக் கீழே அணைத்தபடி மூன்று நாட்களாக அதே சுவரில் இருந்தது. அப்படியொரு பையில் 200 முட்டைகள் வரை இருக்கலாம். மறுநாள் காலை, கால்களெல்லாம் உள்ளே மடங்கி, பையை விடாமலே தரையில் கிடந்தது. சிலந்திகள் உடற்திரவத்தின் அழுத்தத்தால்தான் கால்களை நீட்டுகின்றன; உயிர் போனதும் அவை தாமாகவே மடங்கிவிடும். அதைக் கூட்டி அள்ள எனக்கு மனம் வரவில்லை.

கரப்பொத்தான்கள் இரண்டு வாரம் கண்ணில் படவில்லை. மூன்றாம் வாரம் கழுவுதொட்டியின் கீழிருந்து குஞ்சுகள் வரத் தொடங்கின. முட்டைக்கூட்டுக்குள் இருப்பவற்றை விசிறும் மருந்து பெரும்பாலும் எட்டுவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் முறை, கதவுப் பிணைச்சல்களிலும் குழாயடியிலும், கரப்பொத்தான் தின்று சாகும் பசைமருந்தைப் பொட்டுப் பொட்டாக வைக்கும்படி கேட்டேன். செய்தார்கள், பலனும் தெரிகிறது. அழைப்பவர்கள் முதலிலேயே பசைமருந்தைக் கேளுங்கள். இப்போது குளியலறைக் கதவுக்குப் பின்னால் இன்னொரு வேட்டைச் சிலந்தி வந்திருக்கிறது. அந்த அறைக்கு மருந்து விசிற வேண்டாம் என்று அவர்களிடம் எழுத்திலேயே கொடுத்துவிட்டேன்.