நெயில் கன்னும் தொட்டித் தண்ணீரும்: நான்காண்டு அனுபவம்

அழுத்திய காற்றின் விசையால் ஆணி அடிக்கும் என் நெயில் கன்னுக்குச் சென்ற வாரம் ஓ ரிங் என்னும் ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டு வந்தேன். அன்று மாலையே திருத்துறைப்பூண்டியிலிருந்து சகலை அழைத்து, விலை இறங்கியிருக்கிறதாமே, தாமும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். வாங்குங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. ஆகையால் மன்னார்குடியில் நான்கு ஆண்டுகள் வைத்துப் புழங்கியதை அப்படியே எழுதுகிறேன்.

2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் கொல்லையில் நின்ற தேக்கு சாய்ந்தது. அதை அறுத்துக் காய வைத்திருந்த பலகைகளில் சுவர் அலமாரிகளுக்குக் கதவு செய்யத் தொடங்கியபோதுதான் கன் தேவைப்பட்டது. கதவுக் கண்ணாடியைச் சுற்றிப் பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டையை அடிப்பவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். பசை தடவிய பீடிங் வழுக்கும். ஒரு கை அதைப் பிடிக்க, மறு கை ஆணியைப் பிடிக்க, சுத்தியலுக்கு மூன்றாவது கை வேண்டும். அடி சற்று விலகினால் கண்ணாடி போய்விடும். கன்னில் அந்தப் பாடே இல்லை. இடது கை பீடிங்கை அழுத்தியிருக்க, வலது கை மூக்கை வைத்து விசையை இழுத்தால், ‘டப்’ என்ற ஒரே சத்தத்தோடு ஆணி மரத்தின் மேற்பரப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே எள்ளளவு பள்ளம்தான் நிற்கும். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துத் தேய்த்துவிட்டால் எங்கே அடித்தோம் என்று எனக்கே தெரிவதில்லை. பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருப்பதுதான் இந்த ஆணியின் வேலை, பாரம் தாங்குவது அன்று என்பதைப் புரிந்துகொண்டால் இதைவிட நல்ல கருவி வீட்டு வேலைக்குக் கிடையாது.

எதை வாங்குவது என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். கடைகளில் எஃப்-30 என்று கேட்டால் கிடைப்பது 10 முதல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள 18 கேஜ் ஆணி போடுவது. கேஜ் என்பது ஆணியின் பருமனைக் குறிக்கும் எண், எண் குறையக் குறையப் பருமன் கூடும். எஃப்-50 அதே பருமனில் 50 மில்லிமீட்டர் வரை போகும். அடிக்கும் பட்டையின் கனத்தைப் போல் மூன்று மடங்கு நீள ஆணி என்பது பொதுவான கணக்கு. எனவே பீடிங், அலமாரியின் பின்பலகை, கொலுப்படி இவற்றோடு நிற்பவர்களுக்கு எஃப்-30 போதும். நிலையைச் சுற்றிக் கனமான சட்டம் அடிப்பவர்கள் 16 கேஜுக்குப் போக வேண்டும். நன்கு காய்ந்த தேக்கில் 18 கேஜ் ஆணி சில வேளை ரேகையின் போக்கில் வளைந்து பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். ஒருமுறை என் ஆள்காட்டி விரலுக்கு அரை அங்குலம் தள்ளி அப்படி ஒன்று எட்டிப் பார்த்தது. அன்று முதல், பிடிக்கும் கையை ஆணியின் நீளத்துக்கும் அப்பால் வைத்துக்கொள்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கன்னைத் தொடுவதும் இல்லை.

இனி என் ஆற்றாமைக்கு வருகிறேன். அது கன்னைப் பற்றியதன்று. அதற்குக் காற்றூட்டும் கம்ப்ரசரின் வயிற்றுக்கு அடியில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, தரையைப் பார்த்தபடி இருக்கும், தொட்டித் தண்ணீரை வடிக்கும் திருகைப் பற்றியது.

என் தொட்டி 24 லிட்டர் கொள்ளும். காற்றழுத்தம் சுமார் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) ஏறும்போது, வெளியே இருந்த காற்று எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. ஆனால் அதிலிருந்த ஈரம் அப்படி அடங்குவதில்லை, சூடு ஆறியதும் தண்ணீராகித் தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. நம் ஊர் மழைக்காலத்து ஈரக்காற்றில், வெறுந்தொட்டி ஒருமுறை நிரம்பினால் ஏறக்குறைய நான்கு மில்லி சேரும். நாள் முழுவதும் வேலை செய்தால் மாலையில் ஒரு டம்ளரில் பிடிக்கிற அளவுக்கு, டிகாஷன் நிறத்தில் துருத்தண்ணீர் வருகிறது. அன்றன்று வடித்துவிடுங்கள் என்று கையேடு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் தங்குமிடம் அடிப்பகுதி என்பதால் திருகும் அங்கேதான் இருந்தாக வேண்டும், அது நியாயம். விரல் நுழையாத இடத்தில், நகத்தளவு காதுகளோடு, இரண்டாம் மாதமே துருப்பிடித்து இறுகிப்போகும் ஒரு திருகை வைத்ததில் என்ன நியாயம் இருக்கிறது? நாள்தோறும் முட்டி போட்டுக் குறடால் அதைத் திருப்ப வேண்டியவர், அதை அங்கே வைத்தவர் அல்லரே.

அந்தச் சலிப்பில் ஓர் ஐப்பசி அடைமழையின்போது நான்கு நாட்கள் வடிக்காமல் விட்டேன். ஐந்தாம் நாள், உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, பாலிஷுக்குத் தயாராக வைத்திருந்த கதவின் மேல் கன் ‘புஸ்’ஸென்று எண்ணெயும் துருவும் கலந்த நீரைத் துப்பியது. துடைத்தேன், தேய்த்தேன், மறுபடியும் இழைத்தேன். மிளகளவில் மூன்று கரும்புள்ளிகள் இன்றும் பாலிஷுக்கு அடியில் இருக்கின்றன. வருகிறவர்கள் எவர் கண்ணிலும் அவை படுவதில்லை. நான் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவற்றைத்தான் பார்க்கிறேன்.

பரிகாரம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பம்புசெட் பழுது பார்ப்பவர் ஒருவர் அந்தத் திருகைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு முழங்கை வளைவும் சிறு குழாயும் போட்டு, பக்கவாட்டில் கைப்பிடி வால்வு ஒன்றை வைத்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரையும் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டியிருந்த நான், அதைப் பத்து மீட்டர் ஹோஸின் மறுமுனைக்கு மாற்றினேன். தொட்டியை விட்டுச் சூடாக வெளியேறும் காற்று ஹோஸில் வரும் வழியில் ஆறித்தான் மிச்ச ஈரத்தை விடும் என்பதால், கன்னுக்கு அருகில் வைத்தால்தான் அது பிடிபடுகிறது. ஆனாலும் அதற்குள் உள்ளே போன தண்ணீர் தன் வேலையைச் செய்துவிட்டது. நான் தினமும் விடும் எண்ணெய்ச் சொட்டுகளையெல்லாம் கழுவிவிட்டதால் தலைப்பகுதி வால்வின் ஓ ரிங் வறண்டு கிழிந்து, விசையைத் தொடாதபோதே பின்னால் காற்று ஒழுகத் தொடங்கியது. “கன்னு மேல தப்பில்ல சார், தண்ணி குடிச்சிருக்கு” என்று சிரித்தார் மாற்றிக் கொடுத்தவர்.

பக்கத்து வயல்களில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து கம்ப்ரசர் உறுமிக்கொண்டே நின்றுவிடுவது வேறு கதை. பேட்டரியில் ஓடும் கன்னுக்கு இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை என்றாலும், அதன் விலையும் எடையும் வேறு.

சகலைக்கு என் பதில் இதுதான்: கன்னுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன், ஆனாலும் நீங்கள் வாங்க வேண்டாம். உங்கள் ஊர் எங்களைவிடக் கடலுக்குப் பக்கம், ஈரம் இன்னும் கூடுதல், உங்களுக்கோ முட்டிவலி. என்னுடையதை இரவலாகக் கொடுக்கலாம் என்றால், பரணுக்குக் கதவு போடும் வேலை இருக்கிறது. தை வரைக்கும் அதை நான் கையை விட்டு இறக்குவதாக இல்லை.