1969 எம்ஜிபி ரோட்ஸ்டர்: எஞ்சின் தந்த நிறைவும் சில் பேனல் தந்த ஆத்திரமும்

சீரமைப்புப் பாதியில் நின்றுபோன எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலிவாக விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1969-ஆம் ஆண்டின் ரோட்ஸ்டர் ஒன்றை இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகச் சீரமைத்து ஓட்டி வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். 1798 சிசி எஞ்சின், காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனலைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

எம்ஜிபிக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடற்கூடே சட்டம். அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லாததால், வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்கும் வேலை பெருமளவு இரு பக்கச் சில்களின் மேல்தான் விழுகிறது. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடிவிளிம்பில் கேஸில் ரெயில் என்று பல அடுக்குகளை ஒன்றாக வெல்டிங் செய்த பெட்டி அது. சில்லின் முன்முனையும் பின்முனையும் மட்கார்டுகளுக்கு உள்ளே மறைந்திருக்கும்; சேறும் ஈரமும் தங்குவதும் அங்கேதான்.

என் வண்டியின் இடப்பக்கச் சில்லைப் பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல நிலையில் இருக்கிறது என்றார்கள். பெயிண்டைச் சுரண்டியபோது பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி விரல் தடிமனுக்கு வந்தது. அதற்குக் கீழே, இரு மட்கார்டுகளுக்கும் இடையே வெளியில் தெரியும் நீளத்துக்கு மட்டும் ஒரு புதுத் தகட்டை ஒட்டவைத்திருந்தார்கள். அதை அறுத்து எடுத்ததும் உள்ளே இருந்த பழைய தகடு கையோடு உதிர்ந்தது. நடுத்தகட்டின் கீழ்ப்பாதி இருந்த இடத்தில் துருத்தூள் மட்டுமே கிடந்தது.

அந்த வேலையைச் செய்தவரிடம் நியாயமாக நடந்துகொள்ளத்தான் விரும்புகிறேன். ஒரு காலத்தில் இது பழைய கார் என்ற அளவில்தான் மதிக்கப்பட்டது; அந்த ஆண்டின் தகுதிச் சோதனையைக் கடந்தால் போதும் என்று உரிமையாளரே கேட்டிருக்கலாம். குறைந்த காசுக்குக் குறைந்த வேலை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பட்டி வைத்து இழைத்து, அதன்மேல் கறுப்பு அடிப்பூச்சைத் தடித்துப் பூசி, அடுத்து வாங்குபவர் கண்ணில் படாதபடி மறைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு விபத்து நேர்ந்திருந்தால் அந்தக் கதவுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் காப்பாற்ற அங்கே உலோகமே இருந்திருக்காது.

சரியான டிங்கரிங் என்பது வேறு. கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து கூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மட்கார்டுகளின் அடிப்பகுதியை வெட்டி, ஒவ்வொரு அடுக்காக எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைக்க வேண்டும். தகடு தட்டுப்பாடு கிடையாது. பழைய அச்சுகளைக் கொண்டு முழு உடற்கூட்டையே 1988 முதல் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனாலும் 1969-இல் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கூட்டையே காப்பாற்ற வேண்டும் என்பது என் பிடிவாதம். காப்பாற்றியும் விட்டேன். இருந்தும் பல காலம் தொய்ந்தே நின்ற கூடு முழுமையாகத் தன் நிலைக்குத் திரும்பவில்லை. இடக் கதவின் இடைவெளி கீழே அகன்றும் மேலே நெருங்கியும் நிற்கிறது. கீலுக்கு அடியில் தகடு வைத்துப் பார்த்தாயிற்று. பின்விளிம்பு உரசிப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தைப் போன வாரம் மறுபடி பூசினேன்.

எஞ்சின் கொடுத்த மகிழ்ச்சிக்குக் குறைவே இல்லை. ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்றபடி சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்திய பிறகு அது ஒரு நாளும் மறுத்ததில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக ரப்பர் குழாய்களை மாற்றியதோடு எரிபொருள் கவலையும் தீர்ந்தது. கார்புரேட்டர் டியூனிங்தான் நான் எதிர்பாராத இன்பம். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒரே அளவாகும்வரை திருக வேண்டும். பிறகு கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு ஊசியைத் தள்ளி, அதற்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துகிறோம். எஞ்சின் வேகம் சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறினால் குறைவு. எந்தக் கருவியும் இல்லாமல், காதால் கேட்டே ஓர் எஞ்சினின் தேவையை அறிந்துகொள்ளும் அந்தத் திறமை கைவந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்றும் குறையவில்லை. எஞ்சின் வேகத்தைக் குறைத்துத் தரும் ஓவர்டிரைவ் கியரைப் போட்டு நாட்டுப்புறச் சாலையில் போகும்போது வேறு எந்தக் காரும் வேண்டாம் என்றே தோன்றுகிறது.

மின்சாரக் கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் இணைப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் போய்விட்டன. இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருக்கும் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளைக் கழற்றி மாட்டுவது மட்டும் முதுகைப் பதம் பார்க்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டும், நண்பருக்கு என் பதில் வாங்காதீர்கள் என்பதுதான். போன வாரம் பூசிய பெயிண்ட் இன்று காலை மறுபடி உரசிவிட்டது. வேறு பதில் சொல்ல மனம் வரவில்லை. நாற்பது ஆண்டைத் தாண்டிய வண்டிக்குத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்ற சலுகை 2018 முதல் இருப்பதால், கீழே படுத்து ஒருவருமே பார்க்காத சில்களும் சாலையில் ஓடக்கூடும். பார்த்துவிட்டாவது வருகிறேன் என்றால், ஒரு காந்தத்தையும் ஜாக்கியையும் எடுத்துச் செல்லுங்கள். சில்லின் நீளம் முழுவதும் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்; பட்டியில் ஒட்டாது. பக்கவாட்டில் வண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள்; சில் பலவீனமாக இருந்தால் கூடு வளைந்து கதவு இறுகும். ஜாக்கி வைக்க விற்பவர் தயங்கினால் விலையைப் பேசவே வேண்டாம்.