உப்புக் காற்றுக்கு எந்த லென்ஸ்?

மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கான்டாக்ட் லென்ஸ் கேட்பவர்கள் பெரும்பாலும் மாத லென்ஸ் பக்கமே சாய்கிறார்கள். ஒரு ஜோடி, 30 நாள், கணக்கு இனிக்கிறது. ஆனால் அந்த 30 நாள் உறையைப் பிரித்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்கு ஒரு நாள், திருவிழாவுக்கு ஒரு நாள் என்று போடுகிறவருக்கும் மாதக் கடைசியில் அது குப்பைதான். லென்ஸைக் கழுவி டப்பாவில் ஊறவைக்கும் கரைசலின் செலவு தனி. நேற்றைய கரைசலோடு இன்றையதைச் சேர்த்து ஊற்றக் கூடாது. டப்பாவை மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அவசரத்தில் அதைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதில்தான் வினை. குழாய், கிணறு, கடல் எதிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரி இருக்கக்கூடும். கருவிழியில் அது உண்டாக்கும் தொற்று அரிது; வந்தால் பார்வையையே பறிக்கலாம்.

ஒருநாள் லென்ஸில் இந்தப் பாடு இல்லை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். இரவில் கழற்றி எறியலாம். தினமும் போட்டால் கைப்பணம் கரையும்தான். எப்போதாவது போடுகிறவருக்கு என் ஓட்டு இதற்கே. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தமும் 22 தீர்த்தங்களும் ஆடப்போகும் நாளில் மட்டும் எந்த லென்ஸும் வேண்டாம், பழைய கண்ணாடியே போதும். மாத லென்ஸ், ஒருநாள் லென்ஸ் இரண்டும் மெத்தென்ற மென்லென்ஸ் ரகம்; நன்னீர் பட்டால் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் பிய்க்காமல், லென்ஸுக்கான சொட்டு மருந்து விட்டு, தானாக அசையும்வரை பொறுக்க வேண்டும்.

ஆர்.ஜி.பி. எனும் கடின லென்ஸ் வேறு ரகம். கருவிழி கூம்பு போலப் புடைக்கும் கெரட்டோகோனஸ் உள்ளவருக்கு மென்லென்ஸ் தராத தெளிவை இது தரும். ஆனால் அகலம் 9, 10 மி.மீ.தான்; கண்ணில் அசைந்துகொண்டே இருக்கும். தனுஷ்கோடிக் காற்றில் ஒரு மணல் துகள் அடியில் புகுந்தால், நின்ற இடத்திலேயே கண்ணீர் வடிக்க வேண்டியதுதான்.

எங்கே அளவெடுப்பது? கண்ணாடிச் சீட்டை நீட்டி வாங்குவது சுலபம். ஆனால் கண்ணாடியில் மைனஸ் 5 என்றால் லென்ஸில் ஏறக்குறைய 4.75 போதும். கருவிழி வளைவை அளந்து, லென்ஸைப் போட்டுப் பார்த்து, இமைக்கும்போது அது நகர்கிறதா என்று நுண்ணோக்கியில் கவனிக்கும் இடமானால் ராமநாதபுரத்துக் கடையே போதும். போடவும் கழற்றவும் அங்கேயே பழகிவிட்டு வாருங்கள். கெரட்டோகோனஸ்காரர்கள் மட்டும் அலுப்புப் பார்க்காமல் மதுரைக்கு பஸ் ஏறுங்கள்; 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது.